முழங்கால் சொன்ன சாட்சி

பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நல்ல வார்த்தை நாலு எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. யாங்கோனில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வேலை முழுவதையும் சந்தேகப்பட்டே செய்தேன். நோயாளியைச் சந்தேகப்பட்டேன், அவரைக் கூட்டி வந்த உறவுக்காரரைச் சந்தேகப்பட்டேன், எக்ஸ்ரேயில் வேறு யார் பெயராவது ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒங்கிட்ட மாட்டுனா பாதிரியாரையே முழங்கால மடக்கிக் காட்டச் சொல்லுவ" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஒருமுறை பாதிரியார் உண்மையாகவே வந்தார். நான் மடக்கிக் காட்டச் சொன்னேன்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் பர்மிய மொழிதான் வரும். அதில் தப்பில்லை. ஆனால் நம்மாட்களில் வயதானவர்கள் டாக்டரிடம் பர்மிய மொழியில் ஒரு கதை சொல்வார்கள், கட்டிலில் உட்கார்ந்த பிறகு நம்மிடம் தமிழில் வேறொரு கதை சொல்வார்கள். இரண்டையும் கேட்கிற வரைக்கும் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

முழங்கால் தேய்மானம் என்றால் எல்லோரும் வலியைப் பற்றிப் பேசுகிறார்கள். வலி பரவாயில்லை, கத்தியாவது சொல்லிவிடும். சத்தமில்லாமல் போவது வேறொன்று. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வு. மூட்டு நிலை உணர்வு என்று படித்திருப்பீர்கள். தேய்ந்த மூட்டில் பலருக்கு அது மங்கிவிடும். மங்கியதும் அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் பகலில் கண் பார்த்துப் பார்த்து அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். சோதிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கண்ணைக் கட்டி, காலைக் கொஞ்சம் நீட்டி நிறுத்தி, இறக்கிவிட்டு, "இப்ப நீங்களே அதே எடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி, எவ்வளவு தவறுகிறார் என்று அளப்பது.

இதில் போய் யார் ஏமாற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஆயுள் முழுக்கப் பரீட்சை ஹாலில் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவர், கண்கட்டின் அடிவழியாகத் தன் காலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் சார் இப்படி என்று கேட்டேன். "ஃபெயிலாகக் கூடாதுல்லம்மா" என்றார். அதிலிருந்து, மார்க் நன்றாக வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மோசமாக வந்தால் நிம்மதியாக நம்பிவிடுவேன்.

இனி சுலைகாம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

சுலைகாம்மா லான்மடாவில் நாலாவது மாடியில் குடியிருந்தார். விதவை. மகன் ஜமாலுக்கு லத்தாவில் பிளாஸ்டிக் சாமான்கள் மொத்தக் கடை. மருமகள் மா கின், இன்சீன் பக்கத்துப் பர்மிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். வீட்டில் இந்த மூன்று பேர்தான். அந்தப் பக்கத்துப் பழைய கட்டிடங்களின் படிகளை நீங்கள் ஏறியிருப்பீர்கள். ஏணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். கரண்ட் இருந்தாலே அரையிருட்டு. கரண்ட் இருப்பதோ எப்போதாவது.

அந்தப் படியில் சுலைகாம்மா இரண்டு தடவை விழுந்திருந்தார். முதல் தடவை ஊமைக்காயம். இரண்டாவது தடவை மணிக்கட்டு முறிந்தது. கையில் மாவுக்கட்டோடு, கால் இரண்டும் வில்லாக வளைந்து என்னிடம் வந்தார்.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க விழுந்தேன் சயாமா. விழ வச்சா." நோயாளிகள் எங்களை டீச்சரம்மா என்கிற மாதிரி சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாரு?"

"எம் மருமவதான். நான் எறங்குறப்ப பொறத்தால வர்றா. வந்து இடுப்புல சுத்தியிருக்குற தமேனப் புடிச்சு இழுக்குறா. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், ரெண்டு தடவையும் அவதான் பின்னால இருந்தா. எம்புள்ளையோட எறங்குனா விழமாட்டேன். தனியா எறங்குனாலும் விழமாட்டேன். அவ வந்தா மட்டும் விழுறேன். இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க."

எனக்கும் ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. ஜமாலிடம் தனியாகக் கேட்டேன். அம்மா சொல்வது அத்தனையும் சரி, மருமகள் உடன் வந்தபோது மட்டும்தான் விழுந்தார் என்றார். மா கின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பர்மிய மொழியில் நேராகவே கேட்டேன், மாமியாரின் தமேனைப் பிடிக்கிறாயா என்று.

"பிடிப்பேன்" என்றாள்.

"எதுக்கு?"

"முதல் தடவை மாமி விளிம்ப மிதிச்சுத்தான் விழுந்தாங்கன்னு நெனச்சேன். அதனால இப்ப விளிம்பத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

தரையைப் பார்த்தே சொன்னாள். எனக்கு அந்தப் பதில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. விழுகிற மாமியாரின் தோளைப் பிடிக்காத கை துணியை மட்டும் எதற்குப் பிடிக்கிறது? தரையில் அப்படி என்ன எழுதியிருக்கிறது? அந்த வீட்டில் சுலைகாம்மா அவளிடம் தமிழில் மட்டும்தான் பேசுவார். மார்க்கெட்டில் மீன்காரியோடு பர்மிய மொழியில் வாய்ச்சண்டை போட்டு ஜெயிக்கக்கூடியவர், மருமகளுக்கு மட்டும் அந்த மொழியில் ஒரு வார்த்தை கொடுக்கமாட்டார். அவளுக்கு அரைகுறைத் தமிழ். அப்படி ஒரு வீட்டில் மனசுக்குள் எதுவும் வளரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமால் என்னைத் தாழ்வாரத்தில் மறித்தார். கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் இடிபட்டுக் களைத்துப்போன மனிதர். அப்படிப்பட்டவர்கள் யாராவது ஒரு தீர்ப்பைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

"சயாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உம்மாவோட முழங்கால்ல கோளாறா, இல்லியா? கோளாறுன்னா எவ்வளவு நாள் ஆனாலும் வைத்தியம் பாக்குறேன். காலு நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா உம்மா சொல்றது நெசம்னு ஆகுது. நான் மா கின்ன இன்சீனுக்கு அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிர்றேன். அப்புறம் கூட்டிட்டு வரமாட்டேன்."

பாருங்கள், ஒரு முழங்காலைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதச் சொல்கிறார்கள்.

சோதித்தேன். சுலைகாம்மா கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கண்ணைக் கட்டினேன். நான் நிறுத்திய இடத்துக்கே காலைக் கொண்டுபோய் நிறுத்தினார். வேறோர் இடத்தில் நிறுத்தினேன். அங்கேயும் கொண்டு போனார். எங்கள் பயிற்சி மாணவி ஒருத்தி, ஓட்டப்பந்தயம் ஓடுகிறவள், அவளே இவ்வளவு துல்லியமாகச் செய்ததில்லை.

நல்லது என்று சந்தோஷப்படவா முடியும்? எக்ஸ்ரேயில் அந்த மூட்டுக்குள் இடைவெளியே காணோம். அப்படி ஒரு மூட்டு இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் எங்கோ தில்லுமுல்லு இருக்கிறது. கண்கட்டைச் சந்தேகப்பட்டேன். பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினேன். மாற்றமில்லை. என் கையைச் சந்தேகப்பட்டேன். ஒரே வேகத்தில் தூக்கினால் நோயாளி மனதுக்குள் நேரத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே வேகத்தை மாற்றி மாற்றித் தூக்கினேன். அப்போதும் சரியாகவே செய்தார். என் கண்ணையே சந்தேகப்பட்டு, பக்கத்து அறை பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார்.

எங்கள் துறையின் பெரிய டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நல்லா வந்தா நல்லா இருக்குன்னு எழுத வேண்டியதுதானே? ஒனக்கு எல்லாரும் திருடங்கதானா?" என்றார்.

"மூட்டு திருடுதோன்னு பாக்குறேன் டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வெளியே ஜமால் காத்திருந்தார். உண்மையைச் சொன்னால், கால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கையில் இருப்பது அதுதான். அதைச் சொன்னால் மா கின் அன்றைக்கே இன்சீனுக்கு ரயிலேற வேண்டியதுதான். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்து நிறுத்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளையும் நான் நம்பவில்லை. ஆனால் அவள்மேல் இருந்த சந்தேகத்தைவிட அந்த மார்க்மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். சோதனை இன்னும் முடியவில்லை, வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தீர்ப்பு கேட்டு நிற்கிற ஆளிடம் வெறுங்கையைக் காட்டுவது மிகவும் சங்கடமான காரியம். நம் வேலையில் அந்தச் சங்கடத்தைத் தாங்கத்தான் முதுகெலும்பு வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு பகலில் போனேன். கரண்ட் இல்லை. படியேறும்போதே எனக்கே மூச்சு வாங்கியது, சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறினேன். மேலே போனதும், வழக்கமாக இறங்குவது போலவே இறங்கிக் காட்டச் சொன்னேன். மா கின்னும் வழக்கம் போலவே பின்னால் வர வேண்டும்.

"அவ பின்னாலயா?" சுலைகாம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க கண்ணு முன்னால நான் சாவணுமா சயாமா?"

"நான் முன்னால நிக்கிறேன். விழவிடமாட்டேன்."

"உம்மா, சயாமா சொல்றாங்கள்ல" என்றார் ஜமால். அவரைக் கீழ்த் திருப்பத்தில் டார்ச்சோடு நிற்கச் சொன்னேன். டார்ச்சை மேலே மா கின் பக்கம் மட்டும் காட்டச் சொன்னேன், படியில் வெளிச்சம் விழக்கூடாது. நான் அந்த அம்மாவுக்குக் கீழே பக்கவாட்டில் நின்றேன். ஆனால் நான் பார்க்க நினைத்தது முழங்காலை இல்லை, மா கின்னின் கையை. கண்கொத்திப் பாம்பு மாதிரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மா கின் குனிந்து மாமியாரின் தமேன் விளிம்பை இரண்டு கையாலும் சுருட்டி, முழங்காலுக்கு மேலே வரும்படி தூக்கிப் பிடித்தாள். சுலைகாம்மா காலை எடுத்தார். கால் காற்றில் ஒருகணம் தேடியது. படி அங்கே இருக்கிறது என்று நினைத்து அழுத்தியபோது அது இன்னும் கீழே இருந்தது. குதிகால் விளிம்பில் மோதி, உடம்பு அப்படியே முன்னால் சாய்ந்து என்மேல் விழுந்தது. நான் கம்பியைப் பிடித்துத் தாங்கிக்கொண்டேன்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! ஜமாலு, பாத்தியாடா!"

கீழிருந்து ஜமால் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மா கின் சிலை மாதிரி நின்றாள். துணி இன்னும் அவள் கையில் இருந்தது, தொளதொளவென்று.

அவள் இழுக்கவில்லை. அதை நான் பைபிள்மேல் கைவைத்துச் சொல்வேன். இழுத்திருந்தால் துணி விறைத்திருக்கும். நான் வேறெதையும் பார்க்காமல் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துணிய விட்டுரு" என்றேன் அவளிடம். தமேன் கணுக்கால் வரை இறங்கியது. சுலைகாம்மாவைத் தாஜா பண்ணி அடுத்த படிக்கு இறக்கினேன். கால் கொஞ்சம் தயங்கியது, ஆனால் சரியாகப் போய் உட்கார்ந்தது. அதற்கடுத்த படியிலும் அப்படியே. மறுபடி தூக்கச் சொன்னேன். மறுபடி கால் தேடியது, தடுமாறியது. எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது.

எங்கள் துறையில் ஆண்களைச் சோதிக்கும்போது லுங்கியைத் தொடைவரை சுருட்டச் சொல்வோம். பெண்களிடம் யாரும் சொல்லமாட்டோம். ஒரே பெரிய ஹால், பக்கத்துக் கட்டிலில் ஆம்பளை நோயாளி, திரைத்துணி முழுசாக மூடாது. இந்த ஊரில் எந்தப் பெண் அங்கே தமேனைத் தூக்குவாள், நாம்தான் எந்த வாயால் கேட்போம்? துணிக்கு மேலேயே கோணத்தை அளந்துவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அது மரியாதை என்று நினைத்தோம். மரியாதைதான். ஆனால் இறுக்கிச் சுற்றின தமேன், கால் நீளும்போது முழங்காலின் மேல் விறைக்கும், கெண்டைக்காலில் உரசிக்கொண்டு நகரும். மூட்டுக்குத் தெரியாததைத் தோல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கண்ணை எத்தனை கட்டுப் போட்டு மூடி என்ன, பதில் சொல்லிக்கொடுக்கிற துணி மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

மேலே திரும்பினோம். ஜமாலை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். பெண்கள் மூன்று பேர் மட்டும். சுலைகாம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தமேனைத் தொடைக்கு மேலே சுருட்டி, கண்ணைக் கட்டினேன். காலை நீட்டி நிறுத்தி இறக்கினேன்.

"இப்ப அதே எடத்துக்கு."

கொண்டு போனார். பாதி வழியிலேயே நிறுத்திவிட்டு, "இந்தா, இங்கதான்" என்றார் உறுதியாக. காலை அங்கேயே வைத்திருக்கச் சொல்லிக் கண்கட்டை அவிழ்த்தேன்.

அந்த அம்மா தன் காலைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன காலைப் போல அதைப் பார்த்தார். "இது... நான் இன்னும் மேல தூக்கியிருக்கேன்ல? நான் தூக்குனேனே சயாமா" என்றார். குரல் மாறியிருந்தது. இன்னொரு தடவை கட்டச் சொன்னார். கட்டினேன். மறுபடி தவறினார். மூன்றாம் முறை அவரே கண்கட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். எனக்கு அப்போது அவர்மேல் மிகவும் இரக்கமாக இருந்தது. வலிக்கிற கால் என்றால் திட்டலாம். தன் உடம்பு தன்னிடமே பொய் சொல்கிறது என்று தெரிந்தால் யாரைத் திட்டுவது?

"அப்ப அவ இழுக்கலியா?"

"இழுக்கல. விழக்கூடாதுன்னு தூக்குனா. தூக்குனதும் துணி சொல்ற சேதி ஒங்க காலுக்குப் போகல. இருட்டுல கண்ணும் ஒதவல. மொத தடவ நீங்களே தூக்கியிருப்பீங்களே?"

"மழத்தண்ணி படியில கெடந்துச்சு. ஆமா, நாந்தான் தூக்குனேன்."

மன்னிப்புக் கேட்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அவரை உங்களுக்குத் தெரியாது. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். தண்ணீர் கேட்டார், மருமகளிடம், வழக்கம் போலத் தமிழில், "தண்ணி எடு" என்று. மா கின் எடுத்துக் கொடுத்தாள்.

ஜமாலைக் கூப்பிட்டுச் சொன்னேன். முழங்காலில் கோளாறுதான், துணியும் இருட்டும் சேர்ந்து அதை மறைத்திருக்கின்றன என்றேன். துணியைப் போலத் தோலுக்குச் சேதி சொல்ல முழங்காலுக்கு இறுக்கமான உறை போட வேண்டும், படியில் பேட்டரி விளக்கு வைக்க வேண்டும், தமேன் விளிம்பை மிதிபடாத அளவுக்கு மடித்துத் தைத்துவிட வேண்டும், யாரும் தூக்கிப் பிடிக்கக் கூடாது, பயிற்சிக்கு வாரம் தவறாமல் வர வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கம்.

துறைக்குத் திரும்பியதும், இத்தனை பெண்களுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறோமே என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிய டாக்டரிடம் போய், பெண்களுக்குத் தனித் தடுப்பும் அரைக்கால் சட்டையும் வேண்டும் என்றேன். முதலில் முறைத்தார். அடுத்த வாரம் தடுப்பு வந்தது. உங்கள் காலத்தில் அந்தத் தடுப்பை யாராவது இடத்தை அடைக்கிறது என்று எடுக்கப் பார்த்தால், அதன் முன்னால் போய் நில்லுங்கள்.

ஒரு விஷயம் பாக்கி. அன்று நான் கிளம்பும்போது மா கின் டார்ச்சோடு என்னைக் கீழேவரை கொண்டுவிட வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள்.

"சயாமாவும் என்னைச் சந்தேகப்பட்டீங்களா?" பர்மிய மொழியில் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "பட்டேன்" என்றேன்.

தலையசைத்தாள். கோபம் இல்லை. "நானும் பட்டேன்" என்றாள். "மாமி அத்தன தடவ சொன்னாங்களா, எனக்கே குழம்பிருச்சு. என் கை எனக்குத் தெரியாமலே இழுக்குதோன்னு. மனசுக்குள்ள அவங்கமேல அவ்வளவு கோபம் இருந்துச்சு, அது கைவழியா போயிருச்சோன்னு. அவர் போகச் சொல்லியிருந்தா ஒரு வார்த்த பேசாம போயிருப்பேன் சயாமா."

தரையைப் பார்த்துப் பேசினாளே, அதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் தோளைத் தொட்டேன்.

அப்போது மேலேயிருந்து படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கச் சுலைகாம்மாவின் குரல் வந்தது.

"மா கின்! ப்யே ப்யே சின்!"

மெதுவாக, பார்த்து இறங்கு. பர்மிய மொழியில். அந்தப் பெண் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயால் அவளுக்குக் கிடைத்த முதல் பர்மிய வார்த்தை அது. மா கின் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். பிறகு டார்ச் வெளிச்சம் நடுங்க ஆரம்பித்தது. நான் டார்ச்சை அவள் கையிலிருந்து வாங்கிப் படியின் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.